ஓவன் இல்லாத சாக்லேட் கடலை உருண்டை: உறை ஏன் உறைய மாட்டேன் என்கிறது?

கேள்வி: தாமிரபரணிக்கரை (திருநெல்வேலி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் என் நாத்தனார் கடந்த டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தபோது, ஓவனே தேவைப்படாத ஒரு சாக்லேட் மிட்டாயின் செய்முறையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பீநட் பட்டர், வெண்ணெய், ஐசிங் சுகர் மூன்றையும் பிசைந்து, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி, ஃப்ரீசரில் வைத்து இறுகிய பிறகு உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். ஜூன் மாதம் மகளின் பிறந்தநாள் வருகிறது என்பதால் இப்போதே இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டு முறையும் கெட்டுப்போயிற்று.

முதல் முறை, மிக்சியில் நானே அரைத்த பீநட் பட்டர் ஒரு கப், வெண்ணெய் கால் கப், ஐசிங் சுகர் ஒன்றரை கப் சேர்த்துப் பிசைந்தேன். உருட்டும்போதே உள்ளங்கை முழுவதும் எண்ணெய். இருந்தாலும் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்ததில் கல்லாக இறுகிவிட்டன. 250 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி, செய்முறையில் இருந்தபடியே இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு முக்கினேன். முக்கிய நொடியிலேயே உறை பளபளவென்று உறைந்துவிட்டது. கடையில் வாங்கியது போலவே இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். மேசையில் வைத்துக் கால் மணி நேரம் ஆவதற்குள் அந்த உறை மையாக விரலில் ஒட்டியது. நாலைந்து உருண்டைகளில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்து, அதன் வழியே எண்ணெய் முத்து முத்தாக வெளியே வந்து நின்றது. மீதியை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் திறந்தபோது எல்லாவற்றின் மேலும் விபூதி பூசியது போல வெள்ளை படிந்திருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொல்லி என் மாமியார் பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள்.

இரண்டாம் முறை தேங்காய் எண்ணெயே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் சாக்லேட் உருகிக்கொண்டிருக்கும்போது, அப்போதுதான் கழுவிய கரண்டியை விட்டுக் கிளறியதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் களிமண்ணைப் போலத் திரண்டுவிட்டது. எவ்வளவு சூடாக்கியும் திரும்பவில்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். நாத்தனார் அங்கே ஆண்டுதோறும் இதே அளவில்தான் செய்கிறார்கள், ஒருமுறைகூடக் கெட்டதில்லை என்கிறார்கள். பிறகு என் கையில் மட்டும் எது தவறுகிறது? அந்த வெள்ளைப் படிவு உண்மையிலேயே பூஞ்சையா? எங்கள் வீட்டில் ஏசி படுக்கையறையில் மட்டும்தான் உண்டு. நாற்பது உருண்டைகள் தேவைப்படும். பாதி வீட்டு விருந்துக்கு, பாதி பள்ளியில் கொடுப்பதற்கு.

மறுமொழி 1: சாக்லேட் பட்டறை (கோயம்புத்தூர்)

சகோதரி, வணக்கம். எட்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்று வருகிறேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு தொல்லையும் என் சமையலறையிலும் நடந்ததுதான். முதலில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், அது பூஞ்சை அன்று. சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் மேற்பரப்புக்கு வந்து படிந்ததனால் ஏற்படும் வெளுப்பு அது. சாப்பிடுவதனால் ஒரு தீங்கும் இல்லை.

உங்கள் கையில் தவறு இல்லை. செய்முறை குளிர்ந்த வீட்டுக்கு எழுதப்பட்டது. ஓவன் இல்லாமல் செய்யும் மிட்டாயில் எதுவும் வெந்து இறுகுவதில்லை. கொழுப்பு உறைவதனால்தான் முழு உருண்டையும் நிற்கிறது. ஆகவே அதில் சேரும் ஒவ்வொரு கொழுப்பும் எந்தச் சூட்டில் இளகும் என்று கேட்டுக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்திருக்கும் எண்ணெய் வெயில் ஏறியதும் தெளிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். 20 டிகிரியில் இருக்கும் உங்கள் நாத்தனாரின் சமையலறையில் அது கட்டியாகவே இருக்கும். உறைக்கு மினுமினுப்பையும் மெல்லிய தன்மையையும் தரும். மே மாதத்துத் திருநெல்வேலியில் அது என்றைக்குமே உறையாத எண்ணெய். 250 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி என்றால் பத்தில் ஒரு பங்கு எண்ணெயைக் கலந்துவிட்டீர்கள். அது தான் உறையாமல் இருப்பதோடு நிற்காது. கொக்கோ வெண்ணெயோடு சேர்ந்து அதையும் இளகச் செய்துவிடும்.

அடுத்தது சாக்லேட்டின் குணம். கொக்கோ வெண்ணெய் ஒரே விதமாக உறையும் பொருள் அன்று. ஆறு விதப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாம் வகை மட்டுமே 34 டிகிரியை ஒட்டி உருகும், பளபளக்கும், உடைத்தால் 'டக்'கென்று ஓசை எழுப்பும். வெறுமனே உருக்கி ஆற விட்டால் 30 டிகிரிக்கும் கீழே இளகிவிடும் வகைகளே மிகுதியாக உருவாகும். அவை நாளடைவில் வேறு வகையாக மாறும்போதுதான் மேலே விபூதி தெரிகிறது. சரியான வகையை வரவழைப்பதைத்தான் டெம்பரிங் என்கிறோம். டார்க் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரி வரை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, துருவி வைத்த மூன்றாம் பங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். மில்க் சாக்லேட் என்றால் 29, 30. குச்சி போன்ற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பதம் பார்க்க, கத்தி நுனியில் சிறிது தடவி ஏசி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்போடு இறுகினால் பதம் சரி.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் காம்பவுண்டு சாக்லேட் வாங்கிக்கொள்ளுங்கள். கேக் சாமான்கள் விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருப்பதனால் டெம்பரிங் தேவையில்லை; உருக்கி முக்கினால் தானாக இறுகிக்கொள்ளும். சுவையில் ஒரு படி கீழேதான். நாக்கில் மெழுகு போன்ற ஒரு தடவல் நிற்கும். குழந்தைகள் கண்டுகொள்வதில்லை. சுவைக்காக அசல் சாக்லேட்டையும் காம்பவுண்டையும் பாதிப் பாதி கலக்கலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். அந்த இரண்டு கொழுப்புகளுக்கும் ஒத்துப்போவதில்லை. தனித்தனியே நன்றாக இறுகும் இரண்டும் சேர்ந்தால் கொழகொழவென்று ஆகி, விரைவில் வெளுத்தும் போகும்.

விரிசலுக்குக் காரணம் ஃப்ரீசர். கல்லாக உறைந்த உருண்டை அறைச் சூட்டுக்கு வரும்போது சற்று விரிகிறது. மேலே இருக்கும் மெல்லிய உறையால் விரிய முடியாமல் பிளக்கிறது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் வைத்து, முக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுத்துவிட வேண்டும். தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் போதும். முக்கிய நொடியிலேயே உறைந்தது என்று நீங்கள் மகிழ்ந்த இடத்திலேயே விரிசல் தொடங்கிவிட்டது.

களிமண் கதைக்கு ஈரக் கரண்டிதான் காரணம். சாக்லேட்டில் சர்க்கரைத் துகள்கள் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சர்க்கரை ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இனி அது முக்குவதற்கு உதவாது. சூடான பாலையோ க்ரீமையோ தாராளமாக விட்டு அடித்தால் நல்ல சாக்லேட் குழம்பாகிவிடும், ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ளுங்கள். டபுள் பாயிலரில் உருக்கும்போது கீழ்ப் பாத்திரத்துத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, மேல் பாத்திரத்தின் அடியைத் தொடவும் கூடாது. மூடி போட்டு மூடினால் ஆவி வியர்த்து உள்ளே சொட்டும்.

உருண்டைக்கு என் அளவு: பீநட் பட்டர் 250 கிராம், ஐசிங் சுகர் 200 கிராம், பால் பவுடர் 50 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, உருக்கிய வெள்ளைக் காம்பவுண்டு 60 கிராம். வெண்ணெய் சேர்ப்பதில்லை; நம் ஊர் வெயிலில் அது இறுக்கத்துக்கு உதவாது. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். தராசில் 13 கிராமாக நிறுத்து உருட்டினால் நாற்பதுக்கு மேல் வரும். முக்குவதற்கு 300 கிராம் உருக்குங்கள். அவ்வளவும் செலவாகாது, ஆனால் பாத்திரத்தில் ஆழம் இருந்தால்தான் உருண்டை முழுகும்.

மறுமொழி 2: ஏரிக்கரைத் தமிழன் (கிளீவ்லாந்து)

அக்கா, உங்கள் நாத்தனார் கொடுத்த மிட்டாய்க்கு இங்கே பக்கை (buckeye) என்று பெயர். ஒஹாயோவின் அடையாளமான பக்கை மரத்தின் கொட்டை கரும்பழுப்பு நிறத்தில் பளபளப்பாகவும், ஒரு பக்கம் மட்டும் வெளிறிய வட்டத்தோடும் இருக்கும். மான் கண்ணைப் போல இருப்பதனால் அந்தப் பெயர். 1953இல் அதை மாநில மரமாக அறிவித்தார்கள். கொலம்பசில் உள்ள ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்கும் அதுவே பெயர். மரத்தின் கொட்டை நச்சுத்தன்மை உடையது, தின்னக் கூடாது. அதன் சாயலில் செய்த மிட்டாயைத்தான் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின்போதும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் வீட்டுக்கு வீடு செய்து தட்டுகளில் அடுக்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பார்கள்.

ஆகவே முழுவதையும் முக்கக் கூடாது. உருண்டையின் உச்சியில் டூத்பிக்கைக் குத்தி, தலைகீழாக முக்கால் பங்கு மட்டும் சாக்லேட்டில் அமிழ்த்தி, வழிவது நிற்கும் வரை இரண்டு முறை தட்டி, பட்டர் பேப்பரில் வைத்துவிட்டு, டூத்பிக்கைத் திருகியபடி உருவ வேண்டும். மேலே கடலை நிறத்தில் ஒரு கண் தெரியும். குத்திய துளையை விரல் நுனியால் ஒரு தேய் தேய்த்தால் மூடிக்கொள்ளும். அந்தத் துளையை மூடுவது எங்கள் வீட்டில் என் மகனின் வேலை. பத்தில் இரண்டு அவன் வாய்க்குள் போய்விடும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மேலே திறந்திருப்பதனால் உள்ளே இருப்பது விரிய இடம் கிடைக்கிறது, உறை பிளப்பதும் குறைகிறது.

கோவை நண்பர் சொன்ன குளிர் விஷயம் முழுக்க உண்மை. டிசம்பரில் எங்கள் கார் நிறுத்தும் கொட்டகையே ஃப்ரிட்ஜ்தான். இங்கே பழைய தலைமுறைப் பாட்டிமார் தேங்காய் எண்ணெய் விடுவதில்லை. உணவுக்கென்றே விற்கும் பாரஃபின் மெழுகைச் சிறிது உருக்கிச் சேர்ப்பார்கள், உறை பளபளவென்று இறுகி நிற்கும். அதைப் படித்துவிட்டு யாரும் கடை மெழுகுவர்த்தியை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அளவு அதேதான் என்று நாத்தனார் சொன்னதில் இன்னொரு வேறுபாடும் ஒளிந்திருக்கிறது. இங்கே கடையில் வாங்கும் வழவழப்பான பீநட் பட்டரில் எண்ணெய் பிரியாமல் இருப்பதற்காக, ஹைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்த தாவரக் கொழுப்பைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். பீநட் பட்டர் என்று பெயர் போட வேண்டுமானால் 90 விழுக்காடாவது கடலை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மீதமுள்ள இடத்தில்தான் அந்தக் கொழுப்பு, சர்க்கரை, உப்பெல்லாம் வருகின்றன. நீங்கள் மிக்சியில் அரைத்தது நூற்றுக்கு நூறு கடலை. சத்துக்கு நல்லது, உருட்டுவதற்கு அது வேறு பொருள்.

உருட்டவும் முக்கவும் பொறுமை இல்லாத நாட்களில் நான் சிறிய காகிதக் கப்புகளில் செய்துவிடுவேன். அடியில் ஒரு கரண்டி சாக்லேட், அது இறுகியதும் நடுவில் தட்டையாகத் தட்டிய கடலை வில்லை, மேலே மறுபடியும் சாக்லேட். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் எச். பி. ரீஸ் 1928இல் விற்கத் தொடங்கி, இன்று உலகம் முழுவதும் தெரிந்திருக்கும் பீநட் பட்டர் கப்பின் அமைப்பு இதுதான். காகிதம் தாங்கிக்கொள்வதனால் உறை சற்று இளகினாலும் விரலில் ஒட்டாது.

மறுமொழி 3: மல்லாட்டைக்காரர் (திண்டிவனம் பக்கம்)

அம்மா, சாக்லேட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அதைப் பற்றி மட்டும் சொல்லலாம் என்று எழுதுகிறேன். கடலையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அதைப் போய் மிக்சியில் சூடேற ஏற அரைத்துவிட்டு எண்ணெய் கசிகிறது என்றால் எப்படி?

முதலில் பொறுக்குவது. சூம்பியது, கறுத்தது, பச்சையோ சாம்பலோ பூத்தது, கடித்தால் கசப்பது, எதையும் தயவு தாட்சணியம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். கடலையில் வரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும்; அது ஈரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுவதுமாகப் போகாது. குழந்தைகள் சாப்பிடப் போவது என்பதனால் இதில் சோம்பல் கூடாது.

வறுப்பதற்கு இரும்புச் சட்டியில் கல்லுப்போ மணலோ போட்டுச் சூடாக்கி, மிதமான தீயில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் கை ஓயாமல் கிளறுங்கள். தோலைத் தேய்த்தால் கழன்று வர வேண்டும், உள்ளே பருப்பு பிஸ்கட் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். இறக்கிய பிறகும் உள்சூட்டில் வறுபடும் என்பதால் நிறம் ஒரு படி குறைவாக இருக்கும்போதே இறக்கி, சல்லடையில் சலித்து, முறத்தில் பரப்பி ஆற விட்டுத் தேய்த்துப் புடையுங்கள்.

அரைக்கும்போது அவசரப்படக் கூடாது. ஒரு நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு. மோட்டாருக்கும் நல்லது, கடலைக்கும் நல்லது. முதலில் மாவாகும். பிறகு ஈர மணலைப் போல ஓரத்தில் அப்பிக்கொள்ளும். வழித்து விட்டு மறுபடி ஓட்டினால் பந்தாகத் திரண்டு ஜாருக்குள் தடதடவென்று சுற்றும். இந்த இடத்தில்தான் பலரும் பயந்துபோய் எண்ணெயோ தண்ணீரோ விடுகிறார்கள். ஒன்றும் வேண்டாம், இன்னும் இரண்டு சுற்று ஓட்டினால் பந்து தானே உடைந்து இளகி இட்லி மாவைப் போல வழியும். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

இப்போது உங்கள் தொல்லைக்கு மருந்து. அரைத்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயில் இரண்டு, மூன்று கரண்டியை இறுத்துத் தாளிப்புக்கு வைத்துக்கொண்டு, அடியில் இருப்பதை மட்டும் உருண்டைக்கு எடுங்கள். கையில் ஒட்டாமல் உருட்ட வரும்.

இன்னொன்று. ஐசிங் சுகருக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை போட்டால் உடம்புக்கும் நல்லது, மணமும் கூடும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் வெல்லம்தானே இருக்கிறது?

மறுமொழி 4: சாக்லேட் பட்டறை (கோயம்புத்தூர்)

ஐயா, எண்ணெயை இறுத்துவிடும் யோசனையை நானும் குறித்துக்கொண்டேன். எட்டு ஆண்டுகளில் எனக்குத் தோன்றாதது அது. ஆனால் நாட்டுச் சர்க்கரையில் உடன்பட மாட்டேன். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் வெல்லத்தைப் பாகாகக் காய்ச்சுகிறார்கள்; தண்ணீரில் விட்டால் உடையும் பதம் வரும் வரை ஈரம் முழுவதையும் விரட்டிவிடுகிறார்கள், அதனால்தான் அது நொறுங்குகிறது. நாம் செய்வதில் எதையும் காய்ச்சுவதில்லை. நாட்டுச் சர்க்கரையில் இருக்கும் ஈரம் அப்படியே உருண்டைக்குள் தங்கும், காற்றிலிருந்தும் இழுத்துக்கொள்ளும். சாக்லேட்டுக்கு அருகில் ஈரம் ஆகாது. நறநறவென்று பல்லில் படும் என்பது வேறு. ஐசிங் சுகர் கிடைக்காவிட்டால் வெள்ளைச் சர்க்கரை 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சோள மாவு சேர்த்து நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். அந்தச் சோள மாவுதான் கட்டி பிடிக்காமல் காக்கிறது.

மறுமொழி 5: பாகு பதம் (நாகப்பட்டினம்)

இவ்வளவு பேரும் உருண்டையைக் காப்பாற்றுவதிலேயே இருக்கிறீர்கள். பாதி பள்ளிக்கூடத்துக்கு என்று அவர்கள் எழுதியிருப்பதை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பையில் போய், மதியம் பன்னிரண்டு மணிக்கு மின்விசிறி மட்டும் சுழலும் வகுப்பறையில் திறக்கப்படும் சாக்லேட் உருண்டை, டெம்பரிங் செய்திருந்தாலும் சரி, காம்பவுண்டாக இருந்தாலும் சரி, 37 டிகிரி வெயிலில் நிற்காது.

இதற்கு அதே அமெரிக்கச் சமையலறையில் இன்னொரு பலகாரம் இருக்கிறது. ஓவன் வேண்டாம், ஆனால் அடுப்பு வேண்டும். சர்க்கரை 2 கப், பால் அரை கப், வெண்ணெய் அரை கப், கொக்கோ பவுடர் கால் கப் நான்கையும் கனமான பாத்திரத்தில் போட்டுக் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். ஓரத்தில் குமிழி விடுவதைக் கொதி என்று எண்ண வேண்டாம். கிளறினாலும் அடங்காமல் நடுவிலும் பொங்க வேண்டும். அந்த நிலை வந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம். இறக்கியவுடன் பீநட் பட்டர் அரை கப், ஒரு சிட்டிகை உப்பு, பொடியாக உடைத்த ஓட்ஸ் 3 கப் போட்டுக் கலந்து, பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். ஒரு நிமிடத்துக்குக் குறைந்தால் இறுகாமல் லேகியமாகவே கிடக்கும். கூடினால் வறண்டு உதிரும். பர்பி கிளறியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதில் கொழுப்பு உறைந்து நிற்க வேண்டிய தேவையே இல்லை. பாகில் இருக்கும் சர்க்கரை மீண்டும் படிகமாகித்தான் இறுகுகிறது என்பதனால் வெயிலில் மைசூர்பாகு எப்படி நிற்குமோ அப்படி நிற்கும். மழை நாளில் மட்டும் செய்ய வேண்டாம். எங்கள் கடற்கரைக் காற்றில் ஒருமுறை இரவு முழுவதும் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது.

மறுமொழி 6: வகுப்பாசிரியை (தஞ்சாவூர்)

பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பு வகுப்பாசிரியையிடம் கடலை சேர்ந்த பண்டம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடலை ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்குச் சிறு துணுக்குகூட மூச்சுத் திணறலை வரவழைக்கக்கூடும். சாக்லேட் பூசியிருந்தால் உள்ளே கடலை இருப்பது அந்தக் குழந்தைக்கே தெரியாது. டப்பாவின் மேல் எழுதி ஒட்டுவதும் நல்லது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் விருந்துக்கு வந்தால் முழு உருண்டையாகக் கொடுக்காமல் நான்காக வெட்டிக் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: தாமிரபரணிக்கரை (திருநெல்வேலி)

அனைவருக்கும் நன்றி. நேற்று மூன்றாம் முறையாகச் செய்து முடித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கடலையைத் திண்டிவனத்து ஐயா சொன்னபடி வறுத்து, ஓய்வு கொடுத்து அரைத்து, ஒரு நாள் பாட்டிலில் வைத்தேன். மேலே நின்ற எண்ணெயை இறுத்ததில் மூன்று கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. பந்தாகத் திரண்ட கட்டத்தில் எனக்கும் கை தண்ணீரைத் தேடிப் போனது உண்மை. கோவை நண்பரின் அளவில் பிசைந்தபோது முதலில் உதிரியாக இருந்தது. வெள்ளைக் காம்பவுண்டு சேர்ந்து ஆறியதும் சப்பாத்தி மாவைப் போல வந்துவிட்டது. 43 உருண்டைகள். கையில் எண்ணெய்ப் பூச்சு மட்டும், கசிவு இல்லை.

முப்பதை டார்க் காம்பவுண்டில் முக்கினேன். எங்கள் படுக்கையறைக் கட்டிலின் மேல் செய்தித்தாளை விரித்து, ஏசியை 22இல் வைத்து, தட்டுகளைப் பரப்பி நான் முக்க, மகள் டூத்பிக்கை உருவித் துளையை மூடினாள். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. கண் தெரிவது போல விட்டதனால் அழகாகவும் இருந்தது. நாத்தனாருக்குப் படம் அனுப்பியதற்கு, இந்த மே மாதத்தில் இதை எங்கே வைத்துச் செய்தாய் என்று கேட்டார்கள்.

மீதிப் பதின்மூன்றுக்கு அசல் சாக்லேட், தெர்மாமீட்டரோடு டெம்பரிங். முதல் எட்டு நன்றாக வந்தன. உடைக்கும்போது அந்த 'டக்' ஓசையும் கேட்டது. அதற்குள் சாக்லேட் 28 டிகிரிக்கு இறங்கிக் கெட்டியாகிவிட, மறுபடி சூடாக்கும்போது கவனக்குறைவாக 38 வரை ஏற்றிவிட்டேன். கடைசி ஐந்தும் இன்று காலையில் மங்கலாக வரி வரியாக இருக்கின்றன. அவற்றைத் தனியே ஒரு கிண்ணத்தில் போட்டு, பூஞ்சை இல்லை என்று தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

பள்ளிக்கு ஓட்ஸ் மிட்டாய்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆசிரியையிடமும் பேசிவிட்டேன், வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கடலை ஆகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழந்தைக்கு மட்டும் வேறு பாத்திரத்தில் வேறு ஏதேனும் செய்வதா, எல்லோருக்குமே கடலை இல்லாத ஒன்றைச் செய்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பீநட் பட்டருக்குப் பதிலாக எள்ளை அரைத்துச் சேர்த்தால் அந்த ஒரு நிமிடக் கொதியில் ஏதேனும் மாற்ற வேண்டியிருக்குமா என்று நாகப்பட்டினத்து நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 7: பாகு பதம் (நாகப்பட்டினம்)

கொதி அதே ஒரு நிமிடம்தான். எள் விழுது தளர்வாக இருக்கும், ஓட்ஸை ஒரு கைப்பிடி கூட்டிக்கொள்ளுங்கள்; கறுப்பு எள் வேண்டாம், கொக்கோவோடு சேர்ந்தால் கசப்பு தூக்கும். ஆனால் எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், அதையும் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டுவிட்டே அரையுங்கள். கடலை அரைத்த ஜாரில் அரைக்க வேண்டாம்.